மாப்பிள்ளையின் வலது காது

திமிராவது மண்ணாங்கட்டியாவது. இந்தக் கட்டடத்தின் மூன்று மாடியிலும் என் மாப்பிள்ளையைப் பற்றி நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது, ஆனால் சொல்லத் தெரியும். எழுதத் தெரிந்தவர்கள் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்ளட்டும்.

நேற்றுகூட மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போன இடத்தில் கீழ்வீட்டுத் தையல்காரி என்னை மடக்கினாள்.

“ஏம்மா, உங்க மாப்பிள்ளை வேற யாரோடயோ போயிட்டாராமே? எந்நேரமும் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரே, அப்பவே எனக்குத் தோணுச்சு.”

“உனக்குத் தோணினதை உன் மெஷின்ல வெச்சு தை. என்கிட்ட ஏன் நீட்டுறே?”

“மாடிப்படியில எதிர்ல வர்றவங்க வணக்கம் சொன்னாக்கூடக் கண்டுக்காம போவாரே!”

“கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கணும்டி.”

அவள் விழித்தாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? அந்த மனிதர் யாரோடும் பேசவில்லை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுக் கேட்டு டைப் அடிப்பதுதான் அவர் வேலை. நோயாளிக்கு என்ன, எந்த மருந்து, எத்தனை நாள் என்று டாக்டர் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போவார். இவர் அதை எழுத்தாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். பதினோரு வருஷமாக அதுதான் சோறு போட்டது.

சமையலறையை ஒட்டிய சுவரோரம் அவர் மேஜை. காலடியில் ஒரு மிதிகட்டை. ஒரு பக்கம் அழுத்தினால் பேச்சு ஓடும், மறுபக்கம் அழுத்தினால் பின்னால் போகும். எனக்கு எழுத்து தெரியாவிட்டாலும் அந்த மிதிகட்டையின் சத்தம் தெரியும். சமைத்துக்கொண்டே அவருடைய நாள் எப்படிப் போகிறதென்று சொல்லிவிடுவேன். முன்பெல்லாம் எப்போதாவது ஒரு ‘டக்’. போன வருஷம் ஒரே வரிக்கு நான்கு, ஐந்து என்று ஆனது.

கேட்காத இடத்தில் கோடு போட வேண்டும், அதுதான் அவர்கள் சட்டம். ஊகித்து எழுதக் கூடாது. மருந்து சமாசாரம் அல்லவா? கோட்டைப் பார்த்தால் டாக்டரே நிரப்பிக்கொள்வார். ஆனால் கோடுகள் அதிகமானால் வேலை குறையும். மேற்பார்வை பார்க்கிற அம்மா இரண்டு தடவை எச்சரித்துவிட்டார்கள். மூன்றாவது தடவை வந்தால் அவ்வளவுதான்.

“ஹெட்போன் பழசாயிடுச்சு அத்தை. புதுசு போட்டா சரியாயிடும்” என்றார் மாப்பிள்ளை. என் பெண் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை செய்கிறாள். அவள்தான் வாங்கி வந்தாள். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன், பஞ்சு மாதிரி மெத்தை.

மாட்டிக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு மூன்று நாள் அந்தக் கம்ப்யூட்டரோடு அவர் பட்ட பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். துணி மடிப்பதை விட்டுவிட்டு நானும் கேட்பேன், அவரும் அலுக்காமல் சொல்வார். வயர் இல்லாமல் இணைத்தால் அதே ஹெட்போன் கம்ப்யூட்டரில் இரண்டு பெயரில் வந்து நிற்குமாம். போன் பேச ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று. போன் பேசுகிற பெயரில் வைத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்குமாம். அதை மாற்றினார். பிறகு வயரையே போட்டார். முன்னால் இருக்கிற ஓட்டையில் இரைச்சல் வருகிறது என்று கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்னால் சொருகினார். சத்தத்தை அழகாக்குகிறேன் என்று கம்ப்யூட்டர் தானாகச் செய்கிற வேலைகளையெல்லாம் நிறுத்தினார். திரையில் படிக்கட்டு மாதிரி நின்ற கோடுகளில் கனத்த சத்தத்தைக் கீழே இறக்கி, பேச்சுச் சத்தத்தை மட்டும் ஏற்றினார். கடைசியில் வலது பக்கத்தைக் கோடி வரைக்கும் கூட்டி வைத்தார்.

“வலது பக்கம்தான் பழுது அத்தை. புதுசுலயே பழுதைத் தள்ளிவிட்டுட்டான் கடைக்காரன்.”

“கொண்டாங்க, நான் பார்க்கிறேன்” என்றேன்.

“நீங்க என்னத்தைப் பார்ப்பீங்க?”

“ஏன், எனக்குக் காது இல்லையா?”

சிரித்துக்கொண்டே கொடுத்தார். மாட்டிக்கொண்டேன். அடேயப்பா! டாக்டர் பேசுகிற பாஷை எனக்குப் புரியாது. ஆனால் அவர் காகிதம் புரட்டுவது, நாற்காலி முனகுவது, பேனாவை மூடுவது எல்லாம் இரண்டு காதிலும் கேட்டது. பெருமை தாங்காமல் ஒவ்வொன்றாக அடுக்கினேன். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு வடிந்துபோனதை நான் கவனிக்கவில்லை.

“அத்தை, இடம் வலம் மாத்திப் போட்டிருக்கீங்க” என்றார். மெதுவாகக் கழற்றி, நான் மாட்டியிருந்தபடியே இடம் வலம் மாற்றித் தன் காதில் வைத்தார். இப்போது அவருடைய வலது காதில் இருந்தது, அவர் நல்லதென்று சொன்ன பக்கம். மிதிகட்டையை ஒரே ஒரு தரம் அழுத்தினார்.

“இப்பவும் வலதுதான் கேட்கலை” என்றார்.

கடைக்காரன் மேல் தப்பில்லை.

காது டாக்டரிடம் தனியாகப் போய் வந்தார். கையில் ஒரு காகிதம், அதில் மலையிறக்கம் மாதிரி ஒரு கோடு. “வலது போயாச்சு அத்தை. இடதும் போயிக்கிட்டிருக்கு. காதுல மெஷின் வெச்சா வீட்டுல பேசலாமாம். இந்த வேலைக்குப் போதாதாம். அவகிட்ட சொல்லிடாதீங்க. நானே நேரம் பார்த்துச் சொல்றேன்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானில்லையே! “என் காது நல்லா இருக்குல்ல? நான் கேட்டுச் சொல்றேன், நீங்க அடிங்க” என்றேன். வேண்டாம் என்றார். பிடித்த பிடியை நான் விடவில்லை.

மறுநாள் என் பெண் வேலைக்குப் புறப்பட்டதும் தொடங்கினோம். ஹெட்போன் என் தலையில். அவர் என் உதட்டைப் பார்த்தபடி இடது காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். காதில் விழுவதைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வேன். அரைகுறைச் சத்தம் போதும், அது எந்த வார்த்தை என்று பிடித்துவிடுவார். பதினோரு வருஷத்துப் பழக்கம்.

“கேட்கலைன்னா கேட்கலைன்னு சொல்லுங்க அத்தை. கோடு போட்டுக்கலாம். வெட்கப்படாதீங்க.”

“எனக்கென்ன வெட்கம்?”

ஆனால் கோடு போடும்போதெல்லாம் அவர் நெற்றி சுருங்கும். அதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் சரியாக விழாத சத்தத்துக்கு ஏதோ ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டி அடித்துவிட்டார். நெற்றி சுருங்கவில்லை. அவ்வளவுதான், எனக்கு அது பிடித்துப்போனது. அடுத்த வாரம் முழுக்க ஒரு கோடுகூட இல்லை. “அத்தை, உங்களுக்குப் பாம்புக் காது” என்று அவர் சொன்னபோது, ஐயோ, நான் பூரித்துப்போனேன்.

அந்தப் பக்கங்கள் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் மேற்பார்வை அம்மா கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை போனை மேஜையில் வைத்து உரக்க வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

“ஒரு கோடுகூட இல்லாத ஃபைலை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை சார். அதான் எடுத்துக் கேட்டேன். பதிவுல இல்லாத மருந்தெல்லாம் உங்க பக்கத்துல இருக்கு. கேட்காததை யார் எழுதச் சொன்னது?”

என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான்தான் மேடம் ஊகிச்சு எழுதிட்டேன்” என்றார்.

அன்றோடு வேலை போயிற்று. நல்லவேளை, எந்த நோயாளிக்கும் அந்தக் காகிதம் போகவில்லை. ஆனால் கோடு போட்டுப் போட்டு வேலையை இழந்திருந்தால் இன்னோர் இடத்தில் கேட்டிருக்கலாம். இல்லாததை எழுதியவனை அந்தத் தொழிலில் யாரும் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கதவையும் சேர்த்து அடைத்தது நான்.

திட்டியிருந்தால் தேவலை. என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. என் பெண்ணிடம் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று சொன்னார். காதைப் பற்றிச் சொல்ல நேரம் வரவில்லை. சொன்னால் கோடில்லாத பக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நெருப்பு வைத்த மாதிரி ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ. அவளுக்கோ, கேட்டதற்குப் பதில் சொல்லாத புருஷன் மேல் நாளுக்கு நாள் கசப்பு. நாலு மாதம் எங்கெங்கோ அலைந்தார். போனில் கேட்டுப் பேசக்கூடிய ஆள்தான் எல்லாருக்கும் வேண்டுமாம். கடைசியில் வெகு தூரத்தில் ஒரு நூல் மில்லில் இடம் கிடைத்தது. அங்கே மெஷின் சத்தத்தில் யாருக்குமே காது தேவையில்லை.

கிளம்பிய அன்று காலை பையை மாட்டிக்கொண்டு, வாசலில் குனிந்து செருப்பின் வாரைப் போட்டார். என் பெண் அவருக்குப் பின்னால், சமையலறை வாசல்படியில் நின்றாள். அவள் சுபாவத்தில் கெஞ்சுகிறவள் இல்லை.

“போகாதீங்க” என்றாள். மெதுவாக, தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் அடுத்த காலுக்கும் வாரைப் போட்டார்.

நான் ஓர் எட்டு வைத்து அவர் தோளைத் தொட்டிருந்தால் போதும், திரும்பியிருப்பார். தொட்டிருந்தால் ஏன் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு மேல் எல்லாவற்றையும். நான் கையில் பிடித்த துண்டோடு நின்றேன்.

“வரேன் அத்தை” என்று என்னிடம் மட்டும் சொன்னார். அவளைத் தேடினார். அவள் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படி இறங்கினார்.