லைஃப் ஜாக்கெட் போட்ட குடும்பங்கள்

ஆற்றில் படகு விடுகிறவனுக்குத் தண்ணீர் தெரிந்தால் போதும். அந்தப் படகுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவளுக்குக் குடும்பங்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஐந்து மழைக்காலம் அந்த இரண்டாவது வேலையைப் பார்த்தேன். ரிச்மண்ட் டவுனில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்து சேராத வருஷங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே போன் எடுப்பேன். சனிக்கிழமை விடிகிற நேரத்தில் மூன்று நான்கு குடும்பங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு குடகுக்குக் கிளம்புவேன். காப்பித் தோட்டத்தில் தங்கல். ஞாயிறு காலை பாரபோளே ஆற்றில் ரப்பர் படகு. பாறைகளுக்கு நடுவே தண்ணீர் வெள்ளையாய்க் கொதித்து இறங்கும் இடங்களை ரேப்பிட் என்பார்கள். அவற்றின் வழியாக ஆறு பேரை ஒரு படகில் வைத்து இறக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் தில் பகதூர், நேபாளத்துக்காரர். தமிழ் கொஞ்சம், இந்தி நிறைய. என்னை 'திதி', அதாவது அக்கா, என்று கூப்பிடுவார். படகு கிளம்பியதும் நான் துண்டுகளோடும் டீ பிளாஸ்க்கோடும் ஜீப் ஏறி, படகு வந்து சேருகிற இடத்துக்குப் போய்விடுவேன்.

வாழ்க்கையில் ஒரு கஸ்டமரையாவது சமாளித்தவர் யாராவது இதைப் படித்தால், கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே வார்டு பேஷண்டுகள்.

மீதி எத்தனை அடி?

சில பேர் ஒரே போனில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவார்கள். சில பேர் தவணை முறை. அல்சூரிலிருந்து ஓர் அம்மா ஒரு வாரம் முழுக்க, தினமும் பதினொரு மணிக்கு, ஒரே ஒரு கேள்வியோடு கூப்பிட்டார். திங்கட்கிழமை, பாத்ரூம் வெஸ்டர்னா இந்தியனா. செவ்வாய்க்கிழமை, காலை டிபனுக்கு என்ன. புதன்கிழமை, வேனில் முன் சீட் கிடைக்குமா, பையனுக்கு வாந்தி வரும். நானும் அவர் குரலுக்குப் பழகிப்போய், பத்து ஐம்பத்தைந்துக்கே டீயைக் குடித்து முடித்துத் தயாராக இருப்பேன்.

வியாழக்கிழமைக் கேள்வி: "ஆறு எத்தனை அடி ஆழம்மா?" சில இடத்தில் முழங்கால் அளவு, சில இடத்தில் பத்து அடி கூட இருக்கும், ஆனால் லைஃப் ஜாக்கெட் மிதக்க வைத்துவிடும், நீச்சல் தெரிய வேண்டியதில்லை என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். அவர் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே யாரிடமோ பேசினார். ஏதோ கணக்குப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வந்து கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் அஞ்சே முக்கால் அடி. மீதி நாலேகால் அடிக்கு நீங்க என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?"

ஒரு கையெழுத்து

படகில் ஏறும் முன் எல்லோரும் ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பில்லை, நாங்களாக இஷ்டப்பட்டு வந்தோம் என்று இரண்டு பக்கத்துக்கு இருக்கும். முக்கால்வாசிப் பேர் படிக்காமலே போட்டுவிடுவார்கள். ஒருமுறை கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் வங்கி அதிகாரி. ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார். "காயம், ஊனம், மரணம்" என்கிற இடம் வந்ததும் நிறுத்தி, பேனா மூடியைக் கழற்றி, "இந்த மூணாவது வார்த்தையை மட்டும் அடிச்சிட்டு கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

அடிக்கக் கூடாது சார் என்றேன். மற்ற குடும்பங்கள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மழையில் நிற்கின்றன. அவர் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அதற்குள் அவர் மனைவி தன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டிவிட்டார். "படிக்கலையா மேடம்?" என்றேன். அவர் கணவரை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "படிக்க வேண்டிய நேரத்துல எனக்கு யாரும் ஃபாரம் குடுக்கலம்மா. இனிமே படிச்சு என்ன ஆகப்போகுது."

ரைட்! ரைட்!

படகில் மூன்றே கட்டளைகள்தான். ஃபார்வர்டு என்றால் துடுப்பை முன்னோக்கிப் போட வேண்டும், பேக் என்றால் பின்னோக்கி, ஸ்டாப் என்றால் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுக்க வேண்டும். கரையில் நின்று சொல்லிக்கொடுக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். தண்ணீர் இரைச்சலில், தில் பகதூரின் உச்சரிப்பில், மூன்றும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். பொம்மனஹள்ளியிலிருந்து கோவிந்தராஜ் என்று ஒருவர் மனைவி, இரண்டு மகள்கள், மச்சினன், மச்சினன் மனைவியோடு வந்திருந்தார். ஜீப் பாதை முதல் ரேப்பிட்டுக்கு மேலே வளைகிற இடத்தில் நிறுத்தி நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் முன்னால் தள்ள, மூன்று பேர் பின்னால் இழுக்க, படகு ஒரு சுற்றுச் சுற்றி, மொத்தக் குடும்பமும் கிளம்பின இடத்தைப் பார்த்தபடியே முதுகுப்பக்கமாய் இறங்கியது.

அடுத்த ரேப்பிட் வருவதற்குள் கோவிந்தராஜுக்குப் பொறுமை போய்விட்டது. அவர் சிட்டி பஸ் கண்டக்டர். இருபது வருஷம் கூட்டத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை. "ரைட்! ரைட்! போலாம் ரைட்!" என்று ஒரு குரல் விட்டார். ஆறு துடுப்பும் ஒன்றாக முன்னே போயின. எதிரே பாறை. "ஹோல்டான்!" அத்தனை கையும் நின்றன. துடுப்பைத் திருப்பிப் படகின் விலாவில் தட்டி, "வா... வா... வா... வா..." என்றார், படகு பின்வாங்கிப் பாறையை ஒட்டி அழகாக விலகியது. அவர் சம்சாரம் அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாராம். கரைக்கு வந்ததும் தில் பகதூர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "திதி, அடுத்த தடவை சாரை பின்னாடி உட்கார வை. நான் டிக்கெட் குடுக்கிறேன்."

பந்தியில் உட்கார்ந்தவர்

ஆற்றங்கரைக்குக் காப்பித் தோட்டத்து வழியாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த வழி முழுக்க அட்டைகளின் ராஜ்ஜியம். நான் உப்புப் பொட்டலம் இல்லாமல் நடக்கவே மாட்டேன். மல்லேஸ்வரத்திலிருந்து ஒரு மாமி, சாஃப்ட்வேரில் இருக்கிற மகன், மருமகளோடு வந்திருந்தார். பாதி வழியில் மருமகள் வீல் என்று கத்தினாள். மாமியின் கணுக்காலில் ஓர் அட்டை ஒட்டி, நன்றாகக் குடித்துக் கொழுத்துப்போயிருந்தது. மகன் "உப்பு, உப்பு" என்று என் பையைப் பிடுங்க வந்தான்.

நான் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். புடவையைக் கொஞ்சம் தூக்கி, குனிந்து அதையே பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "பந்தியில உட்கார்ந்தவாளைப் பாதியில எழுப்பப்படாதும்மா. எனக்கு சுகர் வேற இருக்கு. அது தெரியாம குடிக்கிறது, பாவம்."

எங்கள் வீட்டுக்காரர்

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல முடியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நடந்தது.

என் கணவர் சகாயம், ஓசூர் ரோட்டில் ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஃபேக்டரியை மூடினார்கள். நாற்பத்து நாலு வயதில் கையில் ஒரு செக்கோடு விவேக் நகர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், அப்படியே எட்டு மாசம் உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடும், ஆனால் அவர் பார்க்க மாட்டார். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குக்கூடக் கோயிலுக்கு வர மாட்டார், யாராவது "என்ன பண்றே இப்போ?" என்று கேட்டுவிடுவார்களாம். இந்த வேலை கிடைத்ததை நான் சொன்ன அன்று, "ஊரான் குடும்பத்தை ஆத்துல தள்ளிவிடறதுக்கு சம்பளமா?" என்றார். அந்த மாசத்தில் அவர் பேசின நீளமான வாக்கியம் அதுதான். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சீசன் கடைசி டிரிப்பில் ஸ்டாஃப் குடும்பங்களுக்கு இலவசம். எங்கள் மகள் ஜெனி, பத்தாம் வகுப்பு, யாரையும் கேட்காமல் மூன்று பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. எனக்கு வேறு கஷ்டம். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிற நான், அதுவரை அந்தப் படகில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. தண்ணீர் என்றால் பயம். "மம்மி, நீ ஏறலேன்னா உன் கஸ்டமர்ஸ் எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்" என்றாள் ஜெனி. ஏறினேன்.

அவர் முன்னால் இடது பக்கம். நான் அவருக்குப் பின்னால். ஜெனி வலது பக்கம். அவர் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். மூன்றாவது ரேப்பிட்டில் எல்லோரும் படகு விளிம்பில் கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். படகு ஒரு பாறையில் மோதி, ஒரு பக்கமாய் நிமிர்ந்து நின்று, மறுபடி தடாலென்று விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு முன்னால் இடம் காலி. துடுப்பு மட்டும் தனியாகப் போகிறது. அந்த எட்டு மாசமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம் ஒன்று எனக்கு உண்டு. ராத்திரி அவர் பக்கத்தில் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்த பயம். மனுஷன் தானாகவே கையை விட்டுட்டாரோ?

இருபது அடி தள்ளி ஒரு சிவப்பு ஹெல்மெட் எழும்பியது. மல்லாக்க, காலை முன்னே நீட்டி, கையை விரித்து, சொல்லிக்கொடுத்தது போலவே மிதந்துகொண்டு போனார். ரேப்பிட்டுக்குக் கீழே தண்ணீர் அமைதியாகத் தேங்குகிற இடத்தில் படகு அவரை எட்டியது. "திதி, பகடோ! ஜாக்கெட் பகடோ!" என்று தில் பகதூர் பின்னாலிருந்து கத்தினார். ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடிக்கணும், முழங்காலைப் படகு விளிம்பில் முட்டுக்கொடுக்கணும், தூக்கக் கூடாது, அப்படியே மல்லாக்க விழணும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பிடித்தேன். விழுந்தேன். எழுபத்தைந்து கிலோவும் ஈரச் சாக்கு மாதிரி என் மேல் வந்து விழுந்தது.

படகுக்குள் கிடந்தபடியே அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன். "ஏன் விட்டீங்க? கயித்தை ஏன் விட்டீங்க?" என்று அழுதேன். ஜெனியும் அழுதாள். அவர் மழை விழுகிற வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முதலில் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார். எட்டு மாசமாய்க் கேட்காத சிரிப்பு. "நான் எங்கடி விட்டேன், அது வழுக்கிடுச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்குள்ள ஏன் ரெஜினா இழுத்தே? இப்பத்தான் நிம்மதியா படுத்தேன்" என்றார்.

அடுத்த நாளே அவர் வேலை தேடிக் கிளம்பினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கவில்லை. பீனியாவில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்துப் போக ஜனவரி ஆனது. ஆனால் அந்த வியாழக்கிழமை, நான் கூப்பிடாமலே சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு என்னோடு வந்தார். அவர் பயந்தது போலவே வாசலில் மெழுகுவர்த்திக் கடைக்குப் பக்கத்தில் பழைய சிநேகிதர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "என்ன சகாயம், ஆளையே காணோம்? எங்க போயிட்டே?" என் கை தானாக அவர் முழங்கையைப் பிடித்தது. அவர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆத்துல விழுந்துட்டேன்ப்பா. இவதான் சட்டையைப் புடிச்சுத் தூக்கினா."

தனி டிக்கெட்

ஆனேக்கலிலிருந்து ஒரு ஸ்கூல் டீச்சர் மூன்று வருஷம் தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு தடவையும் கணவர், மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். வேனில் எல்லோருக்கும் புளியோதரை பிரித்துக் கொடுப்பார். ஆற்றங்கரையில் எல்லோருடைய ஜாக்கெட் பட்டையையும் இழுத்துப் பார்ப்பார். படகிலிருந்து கடைசியாக இறங்குவார். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ், வேன் டிரைவரிடம் கன்னடம், மூன்றிலும் 'ஜாக்கிரதை'தான் அவர் அதிகம் சொல்கிற வார்த்தை.

நாலாவது வருஷம் தோளில் ஒரு சின்னப் பையோடு தனியாக வந்து வேன் ஏறினார். கேட்கலாமா வேண்டாமா என்று மைசூர் தாண்டும் வரைக்கும் யோசித்துவிட்டு, "டீச்சர், வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே? யாரும் வரலையா?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் கண்ணாடியைத் திறந்து முகத்தில் காற்று வாங்கிக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. அவங்களோட வந்தா அவங்க துடுப்பையும் நான்தான் போடணும். இந்த வாட்டி என் துடுப்பை மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு வந்தேன்."

ஐந்து மழைக்காலத்தில் நான் அனுப்பிய குடும்பங்கள் அத்தனையும் முழுசாகக் கரையேறின. அவர்களோடு ஆற்றுக்குள் போன செருப்புகளைப் பற்றி மட்டும் தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.