ஒரே அறையில் மூன்று படர்க்கைகள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் காலையிலிருந்து ‘ஹீ கோஸ், ஷீ கோஸ்’ என்று ஒப்பித்துக்கொண்டிருக்கிறான். நானும் நீங்களும் போனால் வெறும் ‘கோ’. எதிரில் இல்லாத மகராசன் போனால் மட்டும் வாலில் ஒரு ‘ஸ்’. ஆங்கிலத்தில் ஊரில் இல்லாதவருக்குத்தான் உபசாரம் அதிகம். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இதை நடத்திய மிஸ், நம் முன்னால் இல்லாமல் நாம் பேசிக்கொள்கிற ஆளே படர்க்கை என்று விளக்கினார். பாவம், அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

வீடு என்பது தேக்காவில் ஒரு மசாலாக் கடையின் மாடியில் ஒற்றை அறை. கீழே மிளகாய் வறுத்தால் மேலே எல்லோரும் தும்முவோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மாவுக்கு அப்பாவோடு சண்டை போடுவது வேலை. சத்தமில்லாத சண்டை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசுவார்கள். யார் வாயிலிருந்து முதலில் ‘நீ’யோ ‘நீங்க’ளோ வருகிறதோ அவருக்குத் தோல்வி, அதை மற்றவர் மாதக்கணக்கில் சொல்லிக்காட்டுவார். அம்மா தோற்றதே கிடையாது. அப்பாதான் ஒரு நல்ல மீன்குழம்புக்காக இறங்கி வந்துவிடுவார்.

நான் டோபி காட் வட்டாரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் கீழ்க்கடைப் பூனையை வைத்துச் சமாளித்தார்களாம். பூனைக்கு என்னைவிட மரியாதை அதிகம். மீன் தலை கிடைத்தது.

தொடக்கப் பள்ளியை முடித்தபோது வந்தது பெரிய சண்டை. விஷயமே நான்தான்.

“பொம்பளப் புள்ளைக்கு இது போதும் லா. அவகிட்ட சொல்லு.”

“அவ படிப்பா. அவர்கிட்ட சொல்லு.”

இருந்தது மூன்று பேர், மூவருமே படர்க்கை. என் தலையெழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நானே சுமந்தேன், சம்பளமில்லாத தபால்காரியாக.

உயர்நிலைப் பள்ளியில் சேர்க்க அப்பா நேரில் வந்தாக வேண்டும். கடைசி நாளுக்கு முந்தின மாலை, அவரை வரச் சொல்லும்படி அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். அப்பா பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். அம்மா எழுந்துபோய் வாசலை மறித்து நின்றார்.

“நீங்க நாளைக்கு அவளோட ஸ்கூலுக்குப் போறீங்க.”

அப்பா ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார். ஜெயித்தது தாம்தான் என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் என்னோடு வந்தார். அம்மாவின் அந்த ஒரே தோல்வியை அவர் கடைசிவரை சொல்லிக்காட்டவே இல்லை.

அந்த அறை இருந்த இடத்தில் இப்போது ஏர்கான் போட்ட உணவகம். என் மகனும் மருமகளும் சண்டை வந்தால் கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். தபால்காரி உத்தியோகமே ஒழிந்தது. பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் நிறுத்தவில்லை. மிஸ்ஸின் இலக்கணத்துக்கு என் அப்பாவும் அம்மாவும் இப்போதுதான் சரியாகப் பொருந்துகிறார்கள்.