சீசன் பஸ்ஸில் உருண்ட எலுமிச்சம்பழங்கள்

தென்காசி ஸ்டேஷன் வாசலில் சீசன் பஸ் நின்றுகொண்டிருந்தது. சாரல் காலத்தில் ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்குமாக நாள் முழுக்கப் போய்வந்துகொண்டே இருக்கும் பஸ் அது. போகும்போது ரயிலில் வந்தவர்கள் எஞ்சின் கரியோடு ஏறுவார்கள். வரும்போது அருவியில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட ஏறுவார்கள். அதனால் சீட்டுகள் எந்நேரமும் ஈரம்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதக் காலையில் நானும் என் கணவரும் விருதுநகரிலிருந்து வந்து அதில் ஏறினோம். பார்க்கிறவர்களுக்கு, கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஜாலியாகக் குளிக்க வந்த ஜோடி.

விஷயம் அதுவல்ல. அந்த மாசியில் எங்கள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டாள். முதல் குழந்தை, தவழ ஆரம்பித்திருந்தாள். நான் அழவில்லை. அழக்கூடாது என்ற வைராக்கியமெல்லாம் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். உலை வைத்தேன், ரசத்துக்கு அளவாக உப்புப் போட்டேன். அவளுக்குப் பால் புகட்டிய பாலாடையைத் தினமும் கழுவித் துடைத்து அலமாரியில் கவிழ்த்து வைத்தேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதிருந்தால் தெருவே என்னைத் தாங்கியிருக்கும். பாலாடையைக் கழுவியதால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமியார் தன் மகனிடம் சொன்னது அடுப்படிவரை கேட்டது. "குத்தாலத்துல அருவி தலையில விழுந்தா எப்பேர்ப்பட்ட கிறுக்கும் தெளிஞ்சிரும். தெளிஞ்சா கூட்டிக்கிட்டு வா. இல்லைன்னா அச்சன்புதூர்ல அவ அப்பன் வீட்டுல விட்டுட்டு வந்துரு. அங்கிருந்து பக்கம்தான்."

அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அவர் பேச்சு எப்போதுமே அந்த லட்சணம்தான். என் அப்பா வீட்டில் என்னை வெளியே போ என்று சொல்லமாட்டார்கள். ஆனால் கல்யாணமாகாத தங்கைகள் இருந்தார்கள். கிறுக்குப் பிடித்துத் திரும்பி வந்த அக்கா இருக்கிற வீட்டுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பருப்பைக் கடைந்தேன்.

மாமியார் ஒரு துணிப்பையில் எலுமிச்சம்பழங்களைப் போட்டுக் கொடுத்திருந்தார். புத்தி பேதலித்தவர்களின் தலையில் அதைத் தேய்த்து அருவியில் நிறுத்துவார்கள். பை என் மடியில் இருந்தது. நான் ஜன்னல் பக்கம், அவர் நடைபாதைப் பக்கம். பஸ் ஊரைத் தாண்டி ஒரு மாட்டுவண்டிக்காகச் சடக்கென்று ஒடித்து நின்றபோது பை கீழே விழுந்தது. பழங்கள் ஈரத் தரையில் டிரைவர் சீட்டுவரை உருண்டு போயின.

அதுவரை பஸ்ஸில் ஒரே சளசளப்பு. ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, லாட்ஜில் இடம் கிடைக்குமா என்றெல்லாம். பழங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சீசன் பஸ்ஸில் எலுமிச்சம்பழம் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். முன் சீட்டுப் பெண் தன் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கண்டக்டர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் படிய வாரிக் கொண்டை போட்டு, பொட்டு கலையாமல், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். என் கணவருக்குப் பல நாள் தாடி. சட்டைப் பித்தான் ஒன்று ஓட்டை மாறிக் கிடந்தது. ரயிலில் ஏறியதிலிருந்து அவர் உதடு தானாக அசைந்துகொண்டே இருந்தது. என்னை விட்டுவிட்டு வருவதானால் என் அப்பாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கண்டக்டர் பழங்களை என் மடியில் போட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யம்மா, அண்ணாச்சிய ஜன்னல் பக்கம் உக்கார வைங்க. அங்கன கம்பி இருக்கு. நீங்க இந்தப் பக்கம் வந்துருங்க. சில பேரு ஓடுத பஸ்ஸுல எந்திச்சு எறங்கப் பாக்காங்க" என்றார்.

என் கணவர் வாயைத் திறந்தார். எனக்கில்லை, இவளுக்கு என்று சொன்னால் போதும். நான் காத்திருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு எழுந்தார். இடம் மாறி உட்கார்ந்தோம். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மாசிக்குப் பிறகு யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அதுவும் ஆள் மாறி வந்த பரிதாபம்.

குற்றாலத்தில் இறங்கியதும் கண்டக்டர், எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஏலே, இந்த அண்ணாச்சிக்குப் பழம் தேய்ச்சுக் குளிப்பாட்டணும். பையப் பைய நடத்திக் கூட்டிட்டுப் போ." அந்த ஆள் பையை என்னிடம் வாங்கிக்கொண்டு என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கூடவே போனார்.

நான் பெண்கள் பக்கம் போய் நின்றேன். நெல் மூட்டையை முதுகில் இறக்குவதுபோல் தண்ணீர் விழுந்தது. குளிராக இருந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. போனபடியே வெளியே வந்தேன்.

அவர் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தலையில் எலுமிச்சம் சக்கை ஒட்டியிருந்தது. குழந்தையைக் குழியில் வைத்துவிட்டு வந்த அன்றுகூட, கடைக்கு நேரமாச்சு என்று சட்டையை மாட்டிய மனுஷன்.

"கொலுசக் கழட்டச் சொன்னாங்க" என்றார். "என்னால கழட்ட முடியல. அப்படியே மண்ணப் போட்டுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து அவர் முடியிலிருந்து விதைகளைப் பொறுக்கிப் போட்டேன். துண்டால் தலையைத் துவட்டினேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

திரும்பும்போதும் அதே பஸ், அதே கண்டக்டர். நான் நடைபாதைப் பக்கமே உட்கார்ந்தேன். சிவந்துபோயிருந்த அவர் கண்களைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் என்னிடம், "நல்லாத் தெளிஞ்சிருக்கு. எங்கம்மா எறங்குதிய, பஸ் ஸ்டாண்டா, ஸ்டேஷனா?" என்று கேட்டார்.

ஸ்டேஷன் என்றால் விருதுநகர் ரயில். பஸ் ஸ்டாண்டு என்றால் அச்சன்புதூர். கல்யாணமான நாளிலிருந்து எங்கே இறங்குவது என்று என்னை யாரும் கேட்டதில்லை. என் கணவர் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசையவில்லை.

"ஸ்டேஷன்தான். ரெண்டு பேரும்" என்றேன்.

வழியில் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. எதிரில் அச்சன்புதூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இறங்குவதானால் அவர் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். நான் முழங்காலை ஒதுக்கவில்லை. அச்சன்புதூர் பஸ் முதலில் கிளம்பியது, அப்புறம் எங்கள் பஸ்.

வீட்டு வாசலிலேயே மாமியார் கேட்டார். "தெளிஞ்சிருச்சா?"

"தெளிஞ்சிருச்சும்மா" என்றார் அவர்.

யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பாலாடையை எடுத்துக் கழுவினேன். அவர் பின்னாலேயே வந்து, கையை நீட்டி, அதை வாங்கித் துடைத்தார்.