கடப்பாரை பட்ட மூலைக்கல்

எங்கள் வீட்டு மூலையில், தெருப்பக்கம், முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது இடுப்பு உயரம் இருந்தது. சிமெண்ட் ரோடு ஏற ஏற அது இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் பூசும்போது என் விரல் தலைப்பக்கத்து வெட்டில் போய் நிற்கும். அது கடப்பாரை பட்ட இடம். ஓங்கியது என் மாமியார்.

நெற்குப்பைக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது அறுபதுகளின் கடைசியில். விவசாயக் குடும்பம், சந்து முனையில் வீடு. திரும்புகிற வண்டிகளின் சக்கரம் சுவரைப் பெயர்த்துவிடுகிறது என்று என் மாமனார் அந்தக் கல்லை ஊன்றியிருந்தார். சுவர் பிழைத்தது, கல் படாத பாடு பட்டது. வண்டிக்காரர்கள் இடித்துச் சாய்த்தார்கள். போகிற வருகிற ஆண்களெல்லாம் அதன் மேலேயே ஒன்றுக்கிருந்தார்கள். மாமா ஒரு நாள் விடியுமுன் எழுந்து, கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றிவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவர் போலப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒரு பயல் அந்தப் பக்கம் ஒதுங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தெருப் பெண்கள் விளக்கு வைக்க ஆரம்பித்தார்கள். முதல் ஆள் அத்தை. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர், மாமா தன்னிடம் மட்டும் சொன்ன இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அத்தை கண்ணை மூடிக் கும்பிடுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். உள்ளுக்குள் கொஞ்சம் இளக்காரமும் உண்டு.

எங்களுக்கென்று பின்கட்டில் ஓர் அறை எடுக்கச் செங்கல் லாரி வந்த அன்று நல்ல வெயில். லாரி பின்பக்கமாகச் சந்துக்குள் வர, என் வீட்டுக்காரர் மூலையில் நின்று "வரலாம், வரலாம்" என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். சாக்கடை ஓரத்து மண் திடீரென்று உள்வாங்கியது. பின்சக்கரம் சரிந்து, அவர் வலது காலைக் கல்லோடு சேர்த்து அழுத்திவிட்டது. டிரைவர் பதறிப்போய் வண்டியை முன்னால் எடுக்கப் பார்த்தார். லாரி முன்னால் போகாமல் இன்னும் பக்கவாட்டில் வழுக்கியது. என் வீட்டுக்காரர் போட்ட அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது. செங்கலை இறக்கலாம் என்றால் லாரி கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அதுவரை கால் தாங்காது. கல்லைப் பெயர்ப்பது ஒன்றுதான் வழி.

கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவரும் கல்லைத் தொடவில்லை. சாமி கல்லில் கடப்பாரை போட்டால் அந்த உயிருக்கே ஆபத்து என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மஞ்சப் பூசுனது நாந்தேன். தோண்டுங்கப்பா" என்று மாமா கத்தினார்.

மகன் மேல் உள்ள பதற்றத்தில் உளறுகிறார் என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் கடப்பாரையைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். மாமா ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. கல்லையும் மகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். தான் பூசிய மஞ்சளுக்குத் தானே பயந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பேன். அதற்குள் அத்தை வந்துவிட்டார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? குடுங்க இங்குட்டு."

கடப்பாரையைப் பிடுங்கியவர் கல்லைப் பார்த்து, கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "சாமியா இருந்தா எம்புள்ளைக்கு வழி விடட்டும். கல்லா இருந்தா பேந்து போகட்டும்."

முதல் குத்து வழுக்கிக் கல்லின் தலையில் பட்டது. அடுத்தது அடிமண்ணில் இறங்கியது. அதன் பிறகுதான் ஆம்பிளைகளுக்குத் தைரியம் வந்தது. சிலர் சக்கரத்துக்குக் கட்டை முட்டுக் கொடுத்தார்கள், சிலர் மண்வெட்டி எடுத்தார்கள். நான் வெறுங்கையால் மண்ணை அள்ளினேன். கல் சுவர்ப்பக்கம் சாய, கால் வெளியே வந்தது. எலும்பு நொறுங்கியிருந்தது, ஆனால் கால் மிஞ்சியது. காரைக்குடி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்.

கல்லைத் திரும்ப ஊன்றிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, அத்தை மஞ்சள் கிண்ணத்தோடு கிளம்பியதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. மாமாதான் தெருவே கேட்கச் சொல்லிவிட்டாரே, இன்னுமா என்று கேட்டேன்.

"அவுக சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? அன்னைக்குப் பூசுனது நான் அரைச்சு வச்ச மஞ்சளைத்தேன். விடிஞ்சு பாத்தா கிண்ணம் காலியா இருந்துச்சு."

"பெறகு ஏன் அத்தை கும்பிட்டீக?"

"அவுகளுக்குச் சுவரு பத்திரமா இருக்கணும். எனக்குச் சுவருக்குள்ள இருக்கவுக பத்திரமா இருக்கணும். அதை எங்கயாச்சும் நின்டு சொல்லணும்ல."

அத்தையும் மாமாவும் இன்று இல்லை. என் வீட்டுக்காரர் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து, "கல்லைக் குளிப்பாட்டியாச்சா?" என்று கேலி பேசுவார். ஜன்னலில் என் மருமகள் நிற்பாள். அவள் பார்வையில் இருக்கும் இளக்காரம் எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். வெட்டுப் பள்ளத்தில் விரலை வைத்து, வீட்டில் உள்ளவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அவள் பெயரையும்தான்.