கேமராவில் ஒரு பந்தி

படாளத்து தாவீதுக்கு மூன்று பெண்களுக்குப் பின் பிறந்தவன் பெஞ்சமின். வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை. அம்மா மார்கரெட்டை அடக்கம் செய்ததிலிருந்து அப்பா சோற்றைச் சரியாகத் தொடவில்லை. ஆபீஸ் அரட்டை குரூப்பில், "இன்னா பண்றதுன்னு தெரியல" என்று எழுதினான்.

"நாய்க்குட்டி வாங்கிக் குடு மச்சான்," என்றான் இத்ரீஸ்.

"தனியா துன்னா யாருக்கு எறங்கும்?" என்று கேட்டாள் ருக்ஸார்.

மறுநாள் மதியம் குரூப்பில் எல்லாரும் கேமராவைப் போட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். பெஞ்சமின் லேப்டாப்பை அப்பாவின் தட்டுக்கு எதிரே வைத்தான்.

"இத்ரீசு பிரியாணில கறியே இல்ல நைனா!" என்று ஒருத்தன் கத்தினான்.

தாவீது திரையில் ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தார். பிறகு ருக்ஸாரைக் காட்டி, "அந்தப் பொண்ணு ஏன்டா வெறும் மோர்சோறு துன்னுது? ஊறுகா இல்லியா?" என்றார். சொல்லிக்கொண்டே தன் சோற்றைப் பிசைந்தார்.