ஒன்பதாம் படுக்கையின் நாற்பத்தெட்டு கிலோ

நம்பினால் நம்புங்கள். இது எனக்கே நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஆஸ்பத்திரியில் எந்தப் படுக்கை காலி என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒவ்வொரு மெத்தைக்கு அடியிலும் எடையை உணரும் சென்சார் உண்டு. ஆள் படுத்தால் என் கைத்திரையில் சிவப்பு, எழுந்தால் பச்சை. எடை மெத்தையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் தெரியும். எது எப்போது காலியாகும் என்பதையும் கம்ப்யூட்டரே கணித்துவிடும்.

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். அத்தானுக்கு நெஞ்சுவலி. கீழே அவசரப் பிரிவில், தள்ளுவண்டியிலேயே கிடக்கிறார். உடனே தீவிர சிகிச்சைக்கு மாற்ற வேண்டும்.

"ஊருக்கெல்லாம் படுக்கை பாத்துக் குடுக்குறியே, உங்க அத்தானுக்கு ஒண்ணு கிடையாதாடி?"

திரையில் தீவிர சிகிச்சைப் பிரிவு முழுக்கச் சிவப்பு. ஒன்பதாம் படுக்கை மட்டும் உறுத்தியது. நோயாளி பெயர் இல்லை. ஆனால் எடை, நாற்பத்தெட்டு கிலோ. எப்போது காலியாகும் என்ற கட்டத்தில்... வெறும் கோடு.

ஓடிப்போய்ப் பார்த்தேன். யாருமில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"காலையிலேருந்து காலிதான். உன் கம்ப்யூட்டருக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டு," என்று சிரித்தார் தலைமை நர்ஸ்.

மெத்தையைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது.

இதைச் சொன்னால் படுக்கையைப் பழுது பார்க்க ஒதுக்கிவிடுவார்கள். அத்தானுக்கு வேறு இடமே இல்லை. சிவப்பை நானே பச்சையாக்கினேன்.

மூன்று பத்துக்கு அத்தானைப் படுக்க வைத்தார்கள். அவர் எடை எழுபத்தொன்று.

கட்டிலருகே நின்று கைத்திரையைப் பார்த்தேன். நூற்றுப் பத்தொன்பது.

அத்தான் நினைவில்லாமல் கிடந்தார். கை கால் அசையவில்லை.

கிரீச்...

கட்டில்தான். திரையில் நாற்பத்தெட்டு கிலோ மட்டும் மெல்ல... ஓரமாக நகர்ந்தது.

அத்தான் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை, "பாவம், அந்தப் பொண்ணு நகர்ந்து இடம் குடுத்துச்சு."

மருந்து மயக்கம் என்றார் டாக்டர்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் படுக்கை பச்சையானது. எடை, பூஜ்யம். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

நேற்று அக்கா பேசினாள். குரலே சரியில்லை.

"உங்க அத்தான் கட்டில் ஓரத்துலயே படுக்கிறாருடி. உள்ள தள்ளிப் படுங்கன்னு சொன்னா..."

"சொன்னா?"

"என்னை ஹால்ல போய்ப் படுத்துக்கச் சொல்றாரு. மூணு பேருக்கு இடம் பத்தலையாம்."