கினிக்கோழிக்கு ஊற்றிய சைடர்

கிஸ்லேன் எழுதும் பானப் பட்டியலில் ஒன்பது ஆண்டுகளாக, ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் சைடருக்கு இடமில்லை. நோர்மாண்டியில், அதுவும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆப்பிள் தோட்டமாக இருக்கும் அந்தச் சிற்றூரில், இது ஊர்வாய்க்குப் போதுமான விஷயம். அக்டோபர் கடைசியில் விடுதியில் நடக்கும் இலையுதிர்கால விருந்தில் எந்தப் பதார்த்தத்துக்கு எதை ஊற்றுவது என்று முடிவு செய்வது அவள்தான். சமையலும் விடுதியும் பெரினுடையவை.

பதினாறு வயதில் பாத்திரம் கழுவ வந்தவள் கிஸ்லேன். கழுவும் முன் கோப்பைகளில் மிஞ்சியதை ஒரு வாய் சுவைத்துப் பார்த்தே தேறினாள். சிப்பிக்கு லுவார் ஆற்றங்கரையின் புளிப்பான வெள்ளை ஒயின், ரத்த சாசேஜுக்கு இளஞ்சிவப்பு, வீச்சமடிக்கும் பாலாடைக்கட்டிக்குக் கொஞ்சம் இனிப்பானது என்று அவள் சொன்னால் சொன்னதுதான். கினிக்கோழியில்தான் ஒவ்வோர் ஆண்டும் தடுமாறுவாள்.

"இந்த வருஷமும் பர்கண்டி ஒயின்தானாக்கா?" என்றாள் பெரின், கோழியின் மீது வெண்ணெய் தடவிக்கொண்டே. "ஆப்பிள் மரத்தடியில உக்காந்துக்கிட்டு அடுத்த ஊர்த் திராட்சையக் குடிக்கிறோம்னு பேசிக்கிறாங்க."

"பேசுறவங்க யாரும் கோப்பையில மிச்சம் வைக்கக் காணோமே."

பெரின் சிரித்தாள். கிஸ்லேன் சிரிக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், இதே அடுக்களையில், கணவன் மர்சலேனிடம் அவள் ஒரு வேலை சொன்னாள். "அந்த மூணாவது பீப்பாயில இருந்து ஒரு குவளை கொண்டு வாயேன். கோழிக்கு ஒத்து வருதான்னு பாக்கணும்."

"அது இன்னும் பொங்கிக்கிட்டு இருக்குடி."

"ஒரு வாய் போதும் எனக்கு."

அடுக்களைக்குக் கீழேதான் நிலவறை. அங்கே மர்சலேனும் அவன் தம்பி ஃபிர்மேனும் சைடரைப் புளிக்க வைத்திருந்தார்கள். பொங்கும் சாற்றிலிருந்து எழுந்த நச்சுக்காற்று போக வழியில்லாமல் தரையோடு தேங்கிக் கிடந்தது. கீழே யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக் கிஸ்லேன் கால்மணி நேரம் குழம்பைக் கிளறிக்கொண்டு நின்றாள். போய்ப் பார்த்தபோது கீழிருந்து மூன்றாம் படியில் அவன் செத்துக் குப்புறக் கிடந்தான். நிறைந்த குவளை அதற்கு மேற்படியில் நேராக வைக்கப்பட்டிருந்தது. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அந்தக் குளிர்காலத்திலேயே பீப்பாய்களைத் தன் தோட்டத்துக்குக் கொண்டுபோன ஃபிர்மேன், பிறகு அண்ணியைப் பார்க்க வரவே இல்லை. தன் அண்ணனைக் கொன்றவள் என்று வெறுக்கிறான் என்றே அவள் எண்ணினாள். அதில் தவறு காணவும் அவளால் முடியவில்லை.

நிலவறையைப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வோர் அக்டோபரிலும், பட்டப்பகலில், பக்கத்தில் பெரின் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே, கீழிருந்து மர்சலேனின் மரச்செருப்புச் சத்தம் ஏறி வரும். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது வராது. கிஸ்லேன் கையில் கோப்பையோடு காத்து நிற்பாள். இதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

இந்த ஆண்டு, மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஃபிர்மேன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். முழுக்க நரைத்திருந்தான். பெரின் அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள். அவன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"அண்ணி, அன்னிக்குக் காலையில நிலவறைக் காத்து ஜன்னல மூடினது நான்தான். உறைபனி விழுந்துச்சு, சாறு விறைச்சுப் போகுமேன்னு மூடினேன். அண்ணன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"ஒன்பது வருஷம்," என்றாள் கிஸ்லேன்.

"தெரியும்."

"நான் அனுப்பினதாலதான் செத்தான்னு ஒன்பது வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கேன்டா."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போது கீழே சத்தம் கேட்டது. ஃபிர்மேனின் தலை சட்டென்று நிலவறைக் கதவின் பக்கம் திரும்பியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"மூணோட நின்னுடும்," என்றான் அவன் மெதுவாக. "என் கொட்டகையில படியே கிடையாது. அங்கேயும் கேக்குது."

அவள் பாட்டிலைத் திறந்து ஊற்றினாள். க்ரீமும் காளானும் சேர்த்துச் சமைத்து ஆறிக்கிடந்த கினிக்கோழித் துண்டு ஒன்றை மென்றுவிட்டுக் குடித்தாள். க்ரீமின் கொழுப்பை அந்தத் துவர்ப்பு அறுத்துவிட்டு, காளானின் மண்வாசனையை மட்டும் நாக்கில் விட்டுவைத்தது. எந்த பர்கண்டியும் இப்படிச் சேர்ந்ததில்லை.

"இதே மாதிரி எத்தன பாட்டில் இருக்கு?"

"கேக்குற அளவு இருக்கு."

பட்டியலில் பர்கண்டியை அடித்துவிட்டு அவன் பெயரை எழுதினாள். விருந்தன்று ஊரே வாயடைத்துக் குடித்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் மூன்றாவது முறையும் கோப்பையை நீட்டினார்.

அவள் ஃபிர்மேனை மன்னித்தாளா என்று யாருக்கும் இன்றுவரை தெரியாது. அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுத்ததே இல்லை. ஒவ்வோர் அக்டோபரிலும் அவன் பெட்டிகளை இறக்குகிறான். அடுப்பை ஒட்டிய மேசையில் அவனுக்கு இடம் உண்டு. கிஸ்லேன் தன் கையாலேயே ஊற்றுவாள். அவன் முதல் வாய் குடித்து முடிக்கும்வரை அங்கிருந்து நகர மாட்டாள்.